லாக் ஃபைலை அழிக்காதீர்கள்: டெபியன், உபுண்டு லினக்ஸ் கேள்வி-பதில்

கே: டெப் ஃபைலை (மென்பொருள் பேக்கேஜை) டிபிகேஜி (dpkg) மூலம் நிறுவினேன். டிபெண்டன்சி (அது ஓடத் தேவையான வேறு பேக்கேஜ்) இல்லை என்கிறது. ஆப்ட் (apt) ஏன் அதை இறக்கவில்லை?

ப: ஆப்டை நீங்கள் கூப்பிடவே இல்லையே! டிபிகேஜிக்கு ரெபாசிட்டரி (இணையத்திலுள்ள பேக்கேஜ் கிடங்கு), இன்டர்நெட் எதுவும் தெரியாது. கையில் கொடுத்ததைப் பிரித்து வைக்கும், அவ்வளவுதான். இப்போதைக்கு 'ஆப்ட் -எஃப் இன்ஸ்டால்' கொடுங்கள்.

கே: பேக்கேஜ் பட்டியலில் சிலவற்றின் முன் 'ஆர்சி' (rc) என்று வருகிறதே?

ப: பேக்கேஜ் போய்விட்டது, கான்ஃபிக் ஃபைல் (அதன் அமைப்பு விவரங்கள்) மிச்சம். வேண்டாமென்றால் பர்ஜ் செய்யுங்கள், அதுவும் போய்விடும்.

கே: லாக் (இரண்டு நிறுவல்கள் ஒரே நேரத்தில் ஓடாமல் தடுக்கும் பூட்டு) கிடைக்கவில்லை என்று எரர். யாரோ சொன்னபடி லாக் ஃபைலை அழித்தேன். இப்போது பாதி பேக்கேஜ்கள் உடைந்து கிடக்கின்றன.

ப: இந்தக் கடிதம் வராத மாதமே இல்லை. அந்த 'யாரோ' கையில் கிடைத்தால் நல்லது. அந்த ஃபைல் இருப்பதே பூட்டு என்று நினைக்கிறீர்கள். இல்லை. அது காலி ஃபைல், எப்போதும் அங்கேயே கிடக்கும். பூட்டை வைத்திருப்பது கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ப்ராசஸின் பெயரில். ஃபைலை அழித்தாலும் அந்த ப்ராசஸ் நிற்காது. நீங்கள் ஓட்டும் இன்னொரு டிபிகேஜி புது ஃபைலை உண்டாக்கிப் பூட்டிக்கொள்ளும். இரண்டும் ஒரே ஸ்டேட்டஸ் ஃபைலில் (எந்த பேக்கேஜ் எந்த நிலையில் என்ற பதிவேட்டில்) எழுதினால் என்ன ஆகும்? உபுண்டுவில் பெரும்பாலும் பின்னணியில் ஓடுவது தானியங்கி அப்டேட்தான். பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்தால் தானே முடிந்துவிடும். புதிய ஆப்ட் ப்ராசஸ் எண்ணைக் காட்டி, லாக் ஃபைலை அழிப்பது தீர்வல்ல என்றும் எச்சரிக்கிறது. திரையில் வருவதைப் படியுங்கள்!

சரி, நடந்தது நடந்துவிட்டது. வேறெதுவும் ஓடவில்லை என்று உறுதிசெய்துகொண்டு 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', அப்புறம் 'ஆப்ட் -எஃப் இன்ஸ்டால்'. ஸ்டேட்டஸ் ஃபைலே கெட்டிருந்தால் /வார்/பேக்கப்ஸ் (/var/backups) ஃபோல்டரில் சில நாள் பழைய பிரதிகள் இருக்கும்.

கே: ஏதோ எரர் வருகிறது. கடைசியில் 'எரர் கோட் 1' என்கிறது. என்ன செய்ய?

ப: அந்தக் கடைசி வரி எல்லாச் சிக்கலுக்கும் வரும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மேலே போய் முதல் எரர் வரியைப் பாருங்கள். திரையில் வருவதைப் படியுங்கள் என்று எத்தனை முறை எழுதுவது?

கே: அப்டேட்டின்போது கான்ஃபிக் ஃபைலை மாற்றவா என்று கேட்கிறது. ஒய்யா (Y), என்னா (N)?

ப: முதலில் டி (D). வித்தியாசத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வெறும் என்டர் தட்டினால் உங்கள் பழைய ஃபைலே இருக்கும்.

கே: ஒரு ஃபைல் எந்த பேக்கேஜைச் சேர்ந்தது என்று எப்படி அறிவது?

ப: 'டிபிகேஜி -எஸ்', பிறகு ஃபைலின் முழுப் பாதை. எஸ் கேப்பிடலாக இருக்கட்டும், சின்ன எஸ் வேறு வேலை செய்யும்.