எந்த பிராண்ட் டிரில் நல்லது?

கேள்வி: வீட்டு வேலைக்கும் விடுமுறை நாட்களில் செய்யும் சின்னச் சின்ன தச்சு வேலைக்கும் ஒரு டிரில்லும் ஆங்கிள் கிரைண்டரும் (சுழலும் டிஸ்க்கால் வெட்டும், தேய்க்கும் கருவி) வாங்க வேண்டும். ஒரே பிராண்டை ஒருவர் ஆகா ஓகோ என்கிறார். இன்னொருவர் ஆறே மாதத்தில் புகைந்துவிட்டது என்கிறார். எந்தப் பெயரை நம்பி வாங்குவது?

பதில்: அந்த இருவர் சொல்வதுமே உண்மையாக இருக்கலாம். ஒரே பெயரில் வெவ்வேறு தரத்தில் கருவிகள் வருகின்றன. போஷ் இதை நிறத்திலேயே காட்டிவிடுகிறது: நீலம் தொழிலாளிகளுக்கு, பச்சை வீட்டு உபயோகத்துக்கு. பச்சையை வாங்கி நாள் முழுக்க கான்கிரீட்டில் ஓட்டினால் புகையத்தான் செய்யும். யாராவது ஒரு கருவியைப் புகழ்ந்தாலோ திட்டினாலோ முதலில் இரண்டு கேளுங்கள்: எந்த மாடல், என்ன வேலை? இதற்குப் பதில் இல்லாத கருத்தை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் நிறுவனங்களும் குறைவு. டிவால்ட், பிளாக் அண்ட் டெக்கர் இரண்டும் ஒரே குழுமத்துடையவை. பிளாக் அண்ட் டெக்கர் என்றால் வீட்டு உபயோகக் கருவி என்ற எண்ணம் தொழிலாளிகளிடம் ஊறிப்போயிருந்ததால், அவர்களுக்கென்றே 1992-இல் டிவால்ட் பெயருக்குப் புத்துயிர் கொடுத்தார்கள். மில்வாக்கி ஹாங்காங்கின் டிடிஐ நிறுவனத்துடையது; பல நாடுகளில் ரியோபி பெயரில் கருவி செய்வதும் அதே நிறுவனம்தான். பெரியவர்கள் நம்பிச் சொல்லும் ஹிட்டாச்சி கருவிகளின் பெயர் 2018-இல் ஹைகோக்கி என மாறிவிட்டது. ஆகவே பத்து, இருபது வருடத்துக்கு முந்தைய புகழை அப்படியே இன்றைய பெட்டிக்குப் பொருத்த முடியாது.

என் அளவுகோல் உதிரிபாகம்தான். நல்ல கருவியும் தேயும்: கார்பன் பிரஷ் (மோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் சின்னக் கரித்துண்டு) தேயும், பேரிங் சத்தம் போடும், சுவிட்ச் போகும். இவை தனித்தனியாகக் கிடைத்தால் கருவி பல வருடம் ஓடும். கிடைக்காவிட்டால் ஒரு சின்ன சுவிட்சுக்காக முழு கருவியையும் தூக்கிப்போட வேண்டியதுதான். வாங்கும் முன் அந்த மாடல் எண்ணைப் போட்டு உதிரிபாக வரைபடம் இருக்கிறதா என்று இணையத்தில் தேடுங்கள். மக்கிடா, போஷ், டிவால்ட் போன்றவை ஒவ்வொரு திருகுக்கும் எண் கொடுத்துப் படம் வெளியிடுகின்றன. படமே இல்லாத பிராண்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்து, பழுது பார்ப்பவரிடம் போய், "இதற்கு ஆர்மெச்சர் கிடைக்குமா?" என்று கேளுங்கள் (மோட்டாருக்குள் சுழலும் கம்பிச்சுருள் பகுதி அது). விளம்பரத்தை விட அவர் வாய்ச்சொல் உறுதியானது. எந்த மாடல் அடிக்கடி தன் மேசைக்கு வருகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

பெட்டியில் உள்ள எண்களையும் கொஞ்சம் சந்தேகத்தோடு படியுங்கள். வாட் என்று போட்டிருப்பது பெரும்பாலும் கருவி இழுக்கும் மின்சாரம். அதில் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். ஒரே வாட் உள்ள இரண்டு கிரைண்டர்கள் ஒரே பலத்தோடு வெட்டும் என்று சொல்ல முடியாது. பேட்டரிக் கருவியில் 18 வோல்ட்டும் "20 வோல்ட் மேக்ஸ்" என்பதும் ஒன்றே: 3.6 வோல்ட் செல்கள் ஐந்து வரிசையாக இணைந்தால் 18. முழு சார்ஜில் அதுவே 20-ஐத் தொடும். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கிப் பாருங்கள். 18 வோல்ட், 4 ஆம்பியர்-மணி என்றால் 72 வாட்-மணி, அதாவது பேட்டரியில் அடங்கும் ஆற்றல். ஒப்பிட வேண்டியது இந்தக் கணக்கைத்தான். ஒரு பிராண்டின் பேட்டரி பொதுவாக மற்றதில் பொருந்தாது என்பதால் முதல் பேட்டரியோடு அந்தக் குடும்பத்துக்கே கட்டுப்பட்டுவிடுகிறீர்கள். அந்த வரிசையில் வேறென்ன கருவிகள் இருக்கின்றன என்று அப்போதே பாருங்கள்.

கையில் எடுத்ததும் டிரில்லில் நீளமான நேரான பிட் ஒன்றை மாட்டி மெதுவாகச் சுழற்றுங்கள். நுனி வட்டமடித்து ஆடினால் சக்கோ (பிட்டைப் பிடிக்கும் வாய்) அதைச் சுழற்றும் தண்டோ சரியில்லை. கிரைண்டரில் கியர் பெட்டி உலோகமா, கார்பன் பிரஷ் மூடியை வெளியிலிருந்தே திறக்க முடிகிறதா என்று பாருங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இது: டிரில்லை நல்ல பிராண்டின் வீட்டு உபயோக வரிசையிலேயே வாங்கலாம், உங்கள் வேலைக்கு அது தாராளம். கிரைண்டரில் மட்டும் சிக்கனம் வேண்டாம். 100 மில்லிமீட்டர் டிஸ்க் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடும்போது அதன் விளிம்பு நொடிக்கு 57 மீட்டருக்கு மேல் பாய்கிறது. அங்கே டிஸ்க் உடைந்தால் உங்களுக்கும் அதற்கும் நடுவில் இருப்பது டிஸ்க்கை மூடியிருக்கும் பாதுகாப்புத் தகடு மட்டுமே. ஆகவே தொழில்முறை வரிசையில், மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் தானாக ஓடத் தொடங்காத மாடலாகப் பார்த்து எடுங்கள். டிஸ்க்கில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச வேகம் கிரைண்டரின் வேகத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.