2025-இல் ராமேஸ்வரம் நகரில் ஆட்சி, தொழில், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றில் உண்மையாகவே என்ன மாறியது?

மூன்றையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். இந்தத் தீவில் அப்படிப் பிரிப்பது கஷ்டம். ராமேஸ்வரம் தீவிலேயே இருக்கும் தங்கச்சிமடத்துக்காரனாக, கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

ஊரே பேசியது புதுப் பாம்பன் பாலத்தைப் பற்றித்தான். ஏப்ரல் 6, ராம நவமி அன்று பிரதமர் திறந்துவைத்தார். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரிலேயே போக்குவரத்தை நிறுத்திவிட்டதால், அதுவரை ரயில் அக்கரையில் இருக்கும் மண்டபத்தோடு சரி. யாத்திரைக்காரர்கள் மூட்டை முடிச்சோடு இறங்கி பஸ்ஸோ வேனோ பிடித்து வந்தார்கள். கப்பல் போக, பழைய தூக்குப் பாலத்தை ஆட்கள் கையால் சுற்றித் திறக்க வேண்டும். புதியதில் 72.5 மீட்டர் நடுத்துண்டு மோட்டாரில் அப்படியே 17 மீட்டர் மேலே ஏறிவிடும். லாட்ஜ், ஆட்டோ, சங்குக் கடை எல்லோருக்கும் நல்லதுதான். மண்டபத்தில் வேன் ஓட்டிப் பிழைத்தவர்களுக்கு மட்டும் பிழைப்பு போச்சு.

கடல் தொழிலுக்கு இதனால் ஒன்றும் ஆகவில்லை. பிப்ரவரி கடைசியில் இலங்கைக் கடற்படை ஒரே நாளில் 32 மீனவர்களையும் 5 விசைப்படகுகளையும் பிடித்துப் போக, காலவரையற்ற வேலைநிறுத்தம் நடந்தது. ஏப்ரல் 2-இல் கச்சத்தீவை மீட்கச் சொல்லிச் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். இங்கே உண்மையான அடி படகில்தான். 2018-இல் வெளிநாட்டுப் படகுகள் மீதான சட்டத்தை இலங்கை கடுமையாக்கிய பிறகு ஆள் திரும்பிவிடுகிறார், படகு பெரும்பாலும் திரும்புவதில்லை. கடனோ கழுத்தில் நிற்கிறது. எங்கள் விசைப்படகுகள் கடலடியில் இழுத்துப்போகும் இழுவைமடி வலை, எதிர்க்கரையில் இருக்கும் இலங்கைத் தமிழ் மீனவர்களின் வலையையும் அறுக்கிறது. இதை எங்கள் ஜெட்டியில் சத்தமாகச் சொன்னால் அடி விழும், ஆனாலும் உண்மை.

அப்புறம் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய், 2023-இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் 5,000-இலிருந்து உயர்த்தியது. சீசனிலும் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கி, ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் கடல். டீசலும் ஐஸும் போட்டுப் போய், இறால் படாமல் விலை போகாத பொடி மீனான சங்காயம் மட்டும் ஏறினால் அன்றைக்கு நஷ்டம்தான். சங்காயத்தைத் தீவனத்துக்குத்தான் எடுப்பார்கள்.

சுகாதாரத்தைப் பற்றிப் பேசினால் தண்ணீரில்தான் வந்து நிற்கும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 411 மி.மீ. மழை கொட்டியது. அதற்குப் பிறகு எங்கள் பக்கம் டெங்கு பயம் போகவே இல்லை. எல்லோரும் தெருச் சாக்கடையைக் குறை சொல்கிறார்கள். ஆனால் ஏடிஸ் கொசு வளர்வது வீட்டு டிரம்மில் இருக்கும் நல்ல தண்ணீரில். கிணற்றில் பல இடங்களில் உப்பு, குழாயில் தினமும் தண்ணீர் வராது. அப்புறம் டிரம் நிரப்பாமல் என்ன செய்வது? கொசு ஒழிப்புப் பணியாளர் வந்து அபேட் என்ற கொசுப்புழு மருந்தை ஊற்றுவார், குடிக்கிற தண்ணீரில் மருந்தா என்று எங்கள் தெருப் பெண்கள் அவர் போனதும் கொட்டிவிடுவார்கள். டிரம்மின் உள்பக்கத்தைப் பிரஷ் போட்டுத் தேய்ப்பதுதான் முக்கியம். முட்டை சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. மறுபடி நனைந்தால் ஒரு வாரம், பத்து நாளில் கொசு. தினமும் குழாயில் தண்ணீர் விட்டால் டெங்கு பாதி குறையும் என்பது என் கணக்கு.

மார்ச் பட்ஜெட்டில் மாநில அரசு ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் அறிவித்தது. வரட்டும். நெஞ்சுவலி என்றால் நாங்கள் இன்னமும் ராமேஸ்வரத்திலிருந்து 55 கி.மீ. தள்ளி ராமநாதபுரம்தான் ஓடுகிறோம். 2022-இல் அங்கே மருத்துவக் கல்லூரி திறந்த பிறகு, மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதாவது கொஞ்சம் குறைந்திருக்கிறது.