இது யார் வீட்டுப் புகை? கேள்வி பதில்

காற்றுத் துகளில் ஒட்டியிருக்கும் கரிமச் சேர்மங்களின் மூலத்தைக் கண்டுபிடிப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. மாதிரி எடுப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காற்றுத் துகளைப் பிடிக்கும் வடிதாளைக் கையால் தொடாதீர்கள்.

கவுந்தப்பாடி: வெல்ல ஆலைப் புகையையும் பாய்லர் விறகுப் புகையையும் பிரிக்க முடியுங்களா?

ஓரளவு முடியும். தாவர நாரான செல்லுலோஸ் தீயில் சிதைந்தால் லெவோகுளூக்கோசான் என்ற சேர்மம் பிறக்கும். கரும்புச் சக்கையிலும் வரும், விறகிலும் வரும். அது மட்டும் கிடைத்தால், ஏதோ தாவரம் எரிந்திருக்கிறது என்பதோடு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அடுத்து, தாவரத்தை விறைப்பாக வைக்கும் லிக்னின் உடைந்து வரும் பீனால் வகைச் சேர்மங்களைப் பார்ப்போம். கரும்பு புல்லினம், விறகு மரம். இரண்டிலும் அவற்றின் விகிதம் வேறு. வெயிலில் நெடுநேரம் மிதந்த துகளில் அதுவும் மங்கிவிடும். எப்படியும் எரிந்த பொருள்தான் தெரியும், ஆலைக்காரர் பெயர் தெரியாது.

பீளமேடு: வண்டிப் புகைக்கு என்ன அடையாளம்?

ஹோப்பேன்கள் என்ற கரிமச் சேர்மங்கள். என்ஜின் ஆயிலிலிருந்து வருபவை. நிலக்கரிப் புகையிலும் உண்டு. கூடவே பைசீன் என்ற சேர்மமும் இருந்தால் நிலக்கரியைச் சந்தேகியுங்கள்.

திருப்பூர்: என் மீட்டரில் பிஎம் 2.5 (காற்றில் மிதக்கும் நுண்துகள்) அளவு 70 காட்டுகிறது. எதன் புகை?

நான்காவது முறையாக இதே கேள்வி! மீட்டர் சொல்வது அளவு, மூலம் அல்ல. நம் நாட்டு வரம்பு 24 மணி நேரச் சராசரிக்குக் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். அவ்வளவுதான்.

காங்கேயம்: தேங்காய்த் தொட்டிக் கரி (சிரட்டைக் கரி) சுத்தமானது, லெவோகுளூக்கோசானே வராது என்கிறார்களே?

கரி எரியும் இடத்தில் மிகக் குறைவு, சரி. செல்லுலோஸ், கரி சுடும்போதே போய்விட்டது. எங்கே போனது? கரி சுட்ட குழியின் புகையோடு!

வெள்ளகோவில்: அப்போ பழி கரி சுடுற எங்க ஊருக்குங்களா?

கோபப்படாதீங்க. கரி வாங்கியவர் அடுப்பில் வராத புகை, சுட்டவர் ஊரில் வந்திருக்கிறது என்றேன். கணக்கில் இரண்டையும் சேர்க்க வேண்டும்.

காங்கேயம்: கரி சுடும்போது வரும் வாயுவைப் பிடித்து எரிக்கும் உலை வைத்தால்?

புகை வெகுவாகக் குறையும். குழியோடு ஒப்பிட்டால் அது வேறு உலகம்.

பொள்ளாச்சி: வடிதாளை அலுமினியத் தாளில் மடித்து அனுப்பலாமா?

முன்பே சுட்டெடுத்த தாள் என்றால் அனுப்பலாம். குவார்ட்ஸ் வடிதாளையும் 550 டிகிரி செல்சியஸில் சுட்டிருக்க வேண்டும். கை படவே கூடாது. தோல் எண்ணெயில் கொலஸ்டிரால் உண்டு; கறி சமைக்கும் புகைக்கும் அதுதான் அடையாளம். உங்கள் விரலால் பிரியாணிக் கடைக்காரர் மாட்டிக்கொள்வார்.

ஈரோடு: இருமலுக்கு என்ன செய்வது?

மருத்துவரைப் பாருங்கள்.