பொய் அழைப்பால் காவலர் வருவர் என்ற மிரட்டல்: சியாட்டில் அன்பருக்குப் பதில்

வணக்கம். இணைய விளையாட்டில் தோற்ற ஒருவன், "உன் வீட்டுக்குப் போலீசை அனுப்புகிறேன்" என்று தங்கள் மகனை மிரட்டியதாக எழுதியிருந்தீர்கள். இதைச் சிறுபிள்ளைப் பேச்சென்று ஒதுக்கிவிடாதீர்கள். 2017 டிசம்பரில், ஒரு விளையாட்டுத் தகராறையொட்டி லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஒருவர் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்திலுள்ள விச்சிட்டா நகருக்குத் தொலைபேசியில் அழைத்து, தாம் தந்தையைச் சுட்டுவிட்டுக் குடும்பத்தைப் பிணையாக வைத்திருப்பதாகப் பொய் சொன்னார். அவர் கொடுத்தது எதிராளி முன்பு வசித்த வீட்டின் பழைய முகவரி என்பதால், அத்தகராறோடு எந்தத் தொடர்பும் இல்லாத 28 வயது இளைஞர் தம் வீட்டு வாசலிலேயே காவலரின் குண்டுக்குப் பலியானார். அழைத்தவருக்கு 2019இல் 20 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. போன உயிர் போனதுதான்.

ஆகவே இன்றே காவல்துறையின் அவசரமற்ற அழைப்பு எண்ணில் மிரட்டலைத் தெரிவியுங்கள். இத்தகைய அச்சமுள்ளோர் தம் முகவரியை முன்கூட்டியே பதிந்துவைக்கும் வசதியைச் சியாட்டில் காவல்துறை 2018இல் ஏற்படுத்தியது. பதிந்திருந்தாலும் காவலர்கள் வரத்தான் செய்வார்கள், ஆனால் அழைப்பு பொய்யாக இருக்கலாம் என்பதை அறிந்து வருவார்கள். மிரட்டல் செய்திகளை அழிக்காமல் சேமித்துவையுங்கள்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்: காவலர்கள் வந்துவிட்டால், கைப்பேசி உட்பட எதையும் ஏந்தாமல், உள்ளங்கைகள் தெரியும்படி மெல்ல வெளியே வந்து, விளக்கம் சொல்லும் அவசரத்தை அடக்கி, அவர்கள் சொல்வதை மட்டும் செய்யுங்கள். மகனுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் இன்றிரவே இதைச் சொல்லிவையுங்கள்.