விக்டோரியா ஸ்டாம்பில் விலை ராணிக்கா, முத்திரைக்கா?

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் விக்டோரியா ராணி தலை போட்ட பழைய இந்திய ஸ்டாம்புகள் கிடைத்தன. சில உதிரி, சில கவரோடு இருக்கின்றன. எல்லாவற்றிலும் கறுப்பு முத்திரை. கவரில் இருப்பவற்றை நனைத்து எடுத்து ஆல்பத்தில் வைக்கலாமா? விலை போகுமா?

பதில்: தயவுசெய்து கவர்களைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அவசரப்பட்டு நனைத்துவிட்டு அப்புறம் விலை கேட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது.

அரையணா, ஓரணா ஸ்டாம்புகள் அந்தக் காலத்தில் கோடிக்கணக்கில் புழங்கியவை. வெறும் ஸ்டாம்பாக அவற்றுக்குப் பெரிய விலை கிடையாது. அதன் மேல் விழுந்த முத்திரைதான் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுகிறது.

முதலில் காலத்தைக் கண்டுபிடியுங்கள். 'ஈஸ்ட் இண்டியா' என்று அச்சிட்டிருந்தால் 1882-க்கு முந்தைய வடிவம். ஓரத்தில் பல்லோடு, வெறும் 'இண்டியா' என்றால் அதற்குப் பிந்தையது. கம்பெனி ஆட்சி 1858-லேயே போய்விட்டது, ஆனால் ஸ்டாம்பில் அந்தப் பெயர் இன்னும் பல வருஷம் நீடித்தது. வெறும் 'இண்டியா' என்றே இருந்து, ஓரத்தில் பல்லே இல்லாமல் கத்தரியால் வெட்டியது போலிருந்தால், 1854-இல் கல்கத்தாவில் அச்சான முதல் வரிசையாக இருக்கலாம். அதில் சிவப்பும் நீலமுமான நாலணாவை எண்கோண வடிவத்திலேயே நறுக்கி ஒட்டிவிடுவார்கள். நான்கு பக்கமும் வெள்ளை ஓரத்தோடு சதுரமாக இருந்தால் அதன் மதிப்பே வேறு.

இனி முத்திரை. ஒரு லென்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப காலத்தில் ஸ்டாம்பை மறுபடி பயன்படுத்த முடியாதபடி அடிக்கக் கட்டமும் கோடுமான முத்திரை ஒன்று. ஊரும் தேதியும் கவரில் வேறு இடத்தில் விழும். பிறகு இரண்டையும் ஒரே கட்டையில் சேர்த்தார்கள். அப்போதும் ஸ்டாம்பின் மேல் எண்ணோ எழுத்தோதான் விழும். ஊர்ப்பெயர் பக்கத்துக் காகிதத்தில் தங்கிவிடும். நனைத்து எடுத்தால் அந்தப் பாதி போய்விடும் என்பது இப்போது புரியும். கடிதம் எங்கிருந்து எங்கே, எந்த வழியாகப் போனது என்ற கதையும் அதோடு போகும்.

உதிரியிலும் நல்லது கிடைக்கும். எண்கோணத்துக்குள் 'பி' எழுத்தும் அதன் கீழே 172-ம் இருந்தால் அது சிங்கப்பூர். 147 பினாங்கு, 109 மலாக்கா. 1867 வரை அங்கெல்லாம் இந்திய ஸ்டாம்புதான். இன்றைய ஏமனில் இருக்கும் ஏடன் துறைமுகத்தில் 124. இப்படிக் கடல் கடந்து பயன்பட்டவற்றைத் தேடிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை: வெவ்வேறு காலத்தில் ஒரே எண் வெவ்வேறு ஊருக்குப் போயிருக்கிறது. எண்ணை மட்டும் நம்பாமல், முத்திரையின் வடிவத்தையும் ஸ்டாம்பின் காலத்தையும் சேர்த்தே பாருங்கள். விலை ஏறுகிற இடத்தில் போலி முத்திரையும் வரும். ஸ்டாம்ப் வெளிவந்த வருஷத்துக்கு முந்தைய தேதி அதில் இருந்தால் வேறு ஆராய்ச்சியே வேண்டாம்.

முத்திரை அரைகுறையாகக் கறுப்பு அப்பியதா, பேனாவால் கிறுக்கியதா, பின்பக்கம் காகிதம் மெலிந்திருக்கிறதா, மூலை மடிந்ததா என்று பாருங்கள். இவையெல்லாம் விலையைச் சட்டென்று இறக்கும். ஊரும் தேதியும் தெளிவாக, ராணி முகத்தை மறைக்காமல் விழுந்திருந்தால் சாதாரண அரையணாவையும் தனியே எடுத்து வையுங்கள்.

ஸ்டாம்பு விலைப்பட்டியலான ஸ்டான்லி கிப்பன்ஸ் கேட்லாகில் போட்டிருக்கும் விலை உங்கள் கைக்கு வரும் தொகை அல்ல. குறையில்லாத பிரதியைக் கடைக்காரர் விற்கும் விலை அது. வாங்குகிறவர் அதில் ஒரு பங்குதான் தருவார். மொத்தமாகக் கொடுப்பதற்கு முன் கவர்களையும் வெளிநாட்டு எண் முத்திரைகளையும் பிரித்து, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்து, குறைந்தது இரண்டு பேரிடமாவது விலை கேளுங்கள். பெரிய தொகை பேசப்பட்டால் நிபுணர் சான்றிதழ் வாங்கிய பிறகே விற்கச் சம்மதியுங்கள்.