கம்ப்யூட்டர் வந்த பிறகு திறமைக்கு வேலை இல்லையா?

கேள்வி: தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்து இரட்டை வேடக் காட்சிகளைப் பற்றி அப்பா இன்னும் பேசுவார். அதுதான் திறமை, இப்போது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே செய்துவிடுகிறது என்கிறார். சரிதானா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: முதல் பாதி சரி. அன்றைக்கு கேமராவை அசையாமல் நிறுத்தி, லென்ஸின் ஒரு பாதியை மறைத்துவிட்டு நடிகரை ஒரு பக்கம் நடிக்க வைப்பார்கள், அப்புறம் அதே பிலிமைப் பின்னால் சுற்றி, மறு பாதியை மறைத்து, அவரையே வேறு உடையில் எதிர்ப்பக்கம் நிறுத்தி எடுப்பார்கள். கேமரா ஒரு நூல் நகர்ந்தாலும் நடுவே கோடு விழும். பிலிமைக் கழுவிப் பார்க்கும்வரை அது யாருக்கும் தெரியாது. 1957இல் வந்த ‘மாயா பஜார்’ படத்தில் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி நிலவொளியைச் செயற்கையாகவே கொண்டுவந்தார். இன்று பார்த்தாலும் எனக்கு வியப்புதான்.

இரண்டாம் பாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன். 1994இல் ‘காதலன்’ படத்தில் தலை மறைந்து வெறும் உடை ஆடியதே, அதற்குள் ஆடியவர் மனிதர்தான். இப்படி ஒருவரைக் கம்ப்யூட்டரில் படத்திலிருந்து அழித்தால், அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரையும் சட்டைக் காலரின் உட்பக்கத்தையும் யாராவது உட்கார்ந்து நிரப்பியாக வேண்டும். முன்பு பறக்கும் காட்சிகளில் கண்ணில் படக் கூடாதென்று மெல்லிய கம்பி கட்டுவார்கள். இப்போது தடித்த கயிற்றையே கட்டி, பிறகு அழித்துவிடலாம். சண்டைக் கலைஞர்களின் உயிருக்கு எவ்வளவு பெரிய பாதுகாப்பு! தொழில்நுட்பம் தந்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பச்சைத் திரைக்கு முன்னால் எடுத்தால் பின்னணியில் எதையும் ஒட்டலாம், டிவியில் வானிலை சொல்பவர் வரைபடத்துக்கு முன் நிற்பது அப்படித்தான். கஷ்டம் வெளிச்சத்தில் இருக்கிறது. மத்தியானத்தில் செம்பனைக் காட்டுக்குள் நடந்து வருபவரின் முகத்தைப் பாருங்கள், மட்டைகளின் இடுக்கில் விழும் வெயில் அடிக்கு அடி மாறும். பச்சைத் திரைக்கு முன் நிற்பவருக்கு அந்த வெயில் கிடையாது, ஒளிப்பதிவாளர் முன்கூட்டியே யோசித்து விளக்கு போட்டிருந்தால்தான் ஒட்டும்போது பொருந்தும். 2019இல் வந்த ‘தி மாண்டலோரியன்’ தொடரில் நடிகர்களைச் சுற்றிப் பெரிய எல்இடி சுவரை நிறுத்தி அதிலேயே பின்னணியை ஓடவிட்டார்கள். அந்தச் சுவரின் வெளிச்சம் நேராக நாயகன் அணிந்த உலோகக் கவசத்தில் விழுந்தது.

கேள்வி: டிவி தொடரில் வரும் பாம்பு மட்டும் ஏன் பொம்மை மாதிரி இருக்கிறது?
- வாசகி, அதே ஊர்

பதில்: நேரம் இல்லை, அவ்வளவுதான். பெரிய படத்தில் ஒரு காட்சிக்கு மாதக்கணக்கில் உழைப்பார்கள், தினமும் வரும் தொடருக்கு அது முடியாது. அவசரத்தில் முதலில் விடுபடுவது நிழல். பாம்பின் வயிறு தரையைத் தொடும் இடத்தில் நிழல் இல்லையென்றால், எவ்வளவு நன்றாக வரைந்திருந்தாலும் அது மிதக்கிற மாதிரிதான் தெரியும்.