கேள்வி - பதில்: மாயக் கிராமத்துக் கறிக்கடை

கேள்வி: ஒரு ஃபேண்டஸி நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். காட்டோரத்தில் 60 வீடுகள் உள்ள கற்பனைக் கிராமம். கரண்ட் இல்லை, மந்திரவாதி உண்டு, டிராகன் உண்டு. அப்பா, அம்மா, பாட்டி, அண்ணன், தங்கை சேர்ந்து நடத்தும் கறிக்கடையில்தான் கதை. படித்துப் பார்த்த தோழி, "கடை சினிமா செட் மாதிரி இருக்கு, யாரும் அங்கே வியாபாரம் பண்ற மாதிரியே தெரியல" என்கிறாள். எங்கே தப்பு?
*கல்லூரி மாணவி, ஈரோடு*

அனுப்பிய அத்தியாயத்தைப் படித்தேன். கொக்கியில் கறி தொங்குகிறது, அப்பா கத்தியோடு நிற்கிறார், ஆட்கள் வந்து பேசிவிட்டுப் போகிறார்கள். ஆனால் பொழுது சாய்வதற்குள் அந்தக் கறி என்ன ஆகும் என்ற கவலை அந்த வீட்டில் ஒருத்தருக்கும் இல்லை. கறிக்கடையை நடத்துவதே அந்தக் கவலைதான்.

என் மாமா ஒருவர் கறிக்கடை வைத்திருந்தார், சின்ன வயதில் லீவுக்குப் போனால் பாதி நாள் அங்கேதான் கிடப்பேன். ஃப்ரிட்ஜ் கிடையாது. விடிவதற்கு முன்னால் ஆடு அறுத்தால் மதியத்துக்குள் முழு ஆடும் விற்றாக வேண்டும், தொடைக்கறி மட்டும் விற்றால் போதாது. உயிரோடு 20 கிலோ நிற்கும் ஆடு கறியாகும்போது ஏறக்குறைய 10 கிலோதான் தேறும். மீதியில்தான் தலை, கால், குடல், தோல் எல்லாம். அந்த மீதியைக் காசாக்கத் தெரிந்த வீடுதான் நிலைக்கும், அதனால்தான் இது குடும்பமாகச் செய்யும் தொழிலாக இருக்கிறது. மாமா வெட்டுவார், அத்தை பின்கட்டில் தலையையும் காலையும் நெருப்பில் வாட்டிச் சுரண்டுவார், பாட்டி குடலைத் திருப்பிப்போட்டுச் சுண்ணாம்பு தேய்த்துக் கழுவுவார். வாட்டிய முடியின் வாசனை அந்தத் தெரு முழுக்க இருக்கும்.

அப்புறம் யாருக்கு எது என்ற கணக்கு. பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சுவரொட்டி, அதாவது ஆட்டின் மண்ணீரல், எடுத்து வைக்க வேண்டும், விருந்தாளி வந்த வீட்டுக்கு நெஞ்செலும்பு, பல் போன தாத்தாவுக்கு ஈரல். ஒருத்தருக்கு எடுத்து வைத்ததை இன்னொருத்தர் கேட்டால் மாமாவின் முகம் மாறும். உங்கள் கதையில் சண்டை வேண்டும் என்றால் டிராகன் வரும்வரை காத்திருக்க வேண்டாம், ஒரே ஒரு சுவரொட்டிக்கு இரண்டு பேர் வந்து நிற்கட்டும்.

இன்னொன்று, வெட்டும் கட்டை. உங்கள் கதையில் அது வெறும் "மேஜை" என்று வருகிறது. மாமா கடையில் இருந்தது புளியமர அடிக்கட்டை. வருஷக்கணக்காக வெட்டி வெட்டி நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். வியாபாரம் முடிந்ததும் கத்தியின் முதுகால் அதைச் சுரண்டி, கல்லுப்பைத் தூவி, உள்ளங்கையால் வட்டமாகத் தேய்ப்பார். கடையில் நான் பார்த்ததிலேயே பொறுமையாகச் செய்த வேலை அதுதான். தாத்தா காலத்துக் கட்டை என்று ஒரு வரி எழுதினால் அந்தக் குடும்பத்துக்குப் பின்னால் மூன்று தலைமுறை வந்து நிற்கும்.

கேள்வி: அதே மாணவியின் இரண்டாவது கேள்வி. 60 வீட்டுக்கு ஒரு கறிக்கடை தினமும் நடக்குமா?

நடக்காது. வீட்டுக்கு அரைக் கிலோ என்றால் ஓர் ஆடு 20 வீட்டோடு தீர்ந்துவிடும், சரி, மொத்தம் மூன்று ஆடு. ஆனால் அந்த மாதிரி ஊரில் தினமும் கறி வாங்குகிறவர் யார்? வாரத்துக்கு ஒருநாள், சந்தை நாளில் கடை என்று வையுங்கள். மற்ற நாளில் அப்பா ஊர் ஊராகப் போய் ஆடு பிடிக்கட்டும். பல்லைப் பார்த்து வயதையும் முதுகைத் தடவிப் பார்த்துச் சதைப்பிடிப்பையும் சொல்வது வெட்டுவதைவிடப் பெரிய வித்தை, மகன் அதில் ஏமாந்து வருவதே ஒரு நல்ல அத்தியாயம்.

மாடு வேறு கணக்கு. 400 கிலோ மாட்டில் 200 கிலோ வரை கறி வரும், 60 வீடு ஒரே நாளில் அதை என்ன செய்யும்? உங்கள் கிராமத்தில் பனி பெய்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் ஐரோப்பாவின் பழைய வழக்கம் பொருந்தும். குளிர்காலத்தில் தீவனம் போதாது என்பதால் நவம்பரில், புனித மார்ட்டின் திருநாளான 11-ஆம் தேதியை ஒட்டி, காப்பாற்ற முடியாத மாட்டையும் பன்றியையும் அறுத்து உப்புக்கண்டம் போடுவார்கள், புகையில் தொங்கவிடுவார்கள். பழைய ஆங்கிலத்தில் அந்த மாதத்துக்குப் பெயரே பலி மாதம். அப்போது உப்பு யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் ஊர். உங்கள் மந்திரவாதியிடம் உப்புச் சுரங்கத்தைக் கொடுத்துப் பாருங்கள், மந்திரக்கோலைவிட அதற்குப் பயப்படுவார்கள்.

குளிர் ஊர் என்பதால் இன்னொரு வித்தியாசமும் உண்டு. அறுத்த சில மணி நேரத்தில் சதை விறைத்துவிடும், நம் ஊரில் அதற்குள் விற்றுக் குழம்பே வைத்துவிடுகிறோம். குளிரில் பல நாள் தொங்கவிட்டால் அது தானாக இளகி மெத்தென்று ஆகும்.

கேள்வி: டிராகன் கறியை எப்படி வர்ணிப்பது? நானும் ஃபேண்டஸி எழுதுகிறேன், என் கதையில் அது பஞ்சு மாதிரி வெள்ளையாக இருக்கிறது.
*வாசகர், திண்டுக்கல்*

வெள்ளையாக இருக்காது என்று நினைக்கிறேன். நாட்டுக்கோழியை வெட்டிப் பாருங்கள். நாளெல்லாம் நடக்கிற கால் கருஞ்சிவப்பாக இருக்கும், அதிகம் பறக்காததால் நெஞ்சு வெளுப்பு. புறாவிலும் வாத்திலும் நெஞ்சுக்கறியே கருஞ்சிவப்பு, ஏனென்றால் அவை தூரம் பறக்கும். நிறுத்தாமல் உழைக்கிற தசைக்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டும், அதைப் பிடித்து வைக்கும் புரதம்தான் அந்தச் சிவப்பைத் தருகிறது. அப்படியானால் மலைக்கு மலை பறக்கிற டிராகனின் நெஞ்சு ஈரல் நிறத்தில் இருக்கும், நார் நாராக, விடிய விடிய வேகவைக்க வேண்டிய கறி. கால்கறி வெளுப்பாக இருக்கலாம். கழுத்து நீளம் என்பதால் கழுத்துக்கறி கடினம், ஆனால் குழம்புக்கு அதுதான் ருசி.

நெருப்புப் பையை விட்டுவிடாதீர்கள். ஆட்டு ஈரலை எடுக்கும்போது கவனித்திருக்கிறீர்களா? அதன் அடியில் பச்சையாக ஒரு சிறு பை ஒட்டிக்கொண்டிருக்கும், பித்தப்பை. மாமா மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு விரலால் அதன் கழுத்தை நெரித்து, ஈரலோடு சேர்த்து மெல்லியதாக ஒரு கீறு கீறி எடுப்பார். உடைந்து பட்ட இடமெல்லாம் கசப்பு, ஈரல் போச்சு. டிராகனுக்குப் பித்தத்துக்குப் பதில் நெருப்பு என்றால், உடைந்தால் கடையே போச்சு. ஊருக்கே ஒரே ஒருத்தருக்குத்தான் அந்தப் பையை எடுக்கத் தெரியும், அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது என்று வைத்தால் கதை தானே நடக்கும். கூடவே ஒரு தகவல், பெரும்பாலான மான்களுக்குப் பித்தப்பை கிடையாது. மான் மட்டுமே வெட்டிப் பழகிய வேடன் ஆட்டில் முதல்முறை கை வைக்கும் இடத்தில் இது உதவும்.

கேள்வி: கறிக்கடைத் தெருவை வர்ணிக்க நிஜ மாதிரி ஏதாவது இருக்கிறதா?
*வாசகி, திருச்சி*

இங்கிலாந்தின் யார்க் நகரில் ஷாம்பிள்ஸ் என்ற தெரு. கறியைப் பரப்பி விற்கும் பலகைக்கான பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர். 1872-லும் அங்கே 25 கறிக்கடைகள் இருந்தன. மரவீடுகளின் மேல்மாடிகள் தெருவுக்குள் நீட்டிக்கொண்டு எதிரெதிரே கிட்டத்தட்ட முட்டுகின்றன, அதனால் அந்தக் காலத்தில் கீழே கறியில் வெயில் படாமல் இருந்தது. ரத்தமும் கழிவும் ஓடித் தீரும்படி கழுவிவிட நடுவில் வழி விட்டிருந்தார்கள். சில கடைகளில் கொக்கிகள் இன்றும் இருக்கின்றன. உங்கள் தெருவையும் இப்படி எதற்காக எது என்று கட்டுங்கள், முதலில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். தோல் பதனிடுகிறவரும் கொழுப்பில் மெழுகுவத்தி வார்ப்பவரும் கொம்பில் சீப்பு செய்பவரும் பக்கத்திலேயே இருப்பார்கள்.

கேள்வி: எழுதப் படிக்கத் தெரியாத ஊரில் கடன் கணக்கை எப்படிக் காட்டுவது?
*வாசகர், நாகர்கோவில்*

கணக்குக் குச்சி. ஒரு குச்சியில் கடனுக்கு ஏற்ப வெட்டுக் குறி போட்டு, நீளவாக்கில் பிளந்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வார்கள். பிறகு சேர்த்துப் பிடித்தால் குறிகள் பொருந்த வேண்டும், ஒருவர் மட்டும் திருட்டுத்தனமாகக் குறியைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. இங்கிலாந்தின் அரசுக் கருவூலமே 1826 வரை இந்த முறையை வைத்திருந்தது. வேண்டாத பழைய குச்சிகளை 1834-இல் நாடாளுமன்ற அடுப்புகளில் போட்டு எரித்தபோதுதான் தீ பரவிக் கட்டிடமே எரிந்தது.

கடையில் கடன்காரர்களின் பாதிக் குச்சிகள் உத்தரத்தில் வரிசையாகச் செருகி இருக்கட்டும். போரில் செத்துப்போனவனின் பாதியை அவன் மனைவி எடுத்துக்கொண்டு வந்து கட்டையின் மேல் வைக்கிறாள். உங்கள் கடைக்காரர் உத்தரத்திலிருந்து தன்னுடைய பாதியை எடுத்துப் பொருத்திப் பார்க்கிறாரா, அடுப்பில் போடுகிறாரா?